பின்புறம் சாமான் அறை

ஐயா, முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் ஸ்டேஷனில் நீங்கள் என்னை உட்காரவைத்திருக்கும் இந்த அறையின் வடக்குச் சுவரில் ஓதம் ஏறிக்கொண்டிருக்கிறது. மேலே மழைத்தண்ணீர்க் குழாய் எங்கோ உடைந்திருக்க வேண்டும். இது வாடகைக் கட்டடம் என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் கட்டடச் சொந்தக்காரர்தான், நீங்கள் இல்லை. சுவர், கூரை, சுவருக்குள் ஓடும் கம்பி, குழாய் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. பல்பு மாற்றுவது, சொட்டுகிற குழாய்க்கு வாஷர் போடுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. முப்பத்தொரு வருடம் வீட்டுவரி வசூலராக இருந்தவன் நான். எந்தச் சுவரைப் பார்த்தாலும் கண் இப்படித்தான் போகும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மருந்துப் பொட்டலம் என் வீட்டில் குடியிருந்த ஸ்மைலினின் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று. பிறகு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "சொல்ல முடியலேன்னா எழுதித் தாருங்க" என்றீர்கள். ஒரு வரியில் எழுதிவிடலாம்தான். ஆனால் ஒரு வரியில் எழுதினால் என்னைப் பற்றித் தவறாக நினைத்துவிடுவீர்கள். அதனால் முறைப்படி எழுதுகிறேன்.

என் பெயர் செல்வதாஸ். வயது அறுபத்துமூன்று. தக்கலையிலிருந்து கடற்கரைக்குப் போகிற சாலையில், எங்கள் கோயிலுக்கு எதிரே இறங்கும் சந்தில் என் வீடு. மனைவி லீலாபாய் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் பெமிலா கனடாவில் இருக்கிறாள். சபைக் கமிட்டிக்கு நான்தான் செயலர். ஊரில் யாருக்காவது பட்டா, வரி, வாடகைச் சீட்டு என்று ஒரு குழப்பம் வந்தால் நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

வீட்டின் பின்பக்கம் பன்னிரண்டுக்குப் பத்து அளவில் ஓர் அறை உண்டு. ஒரு ஜன்னல், ஒட்டினாற்போல் சிறிய அடுக்களை, குளியலறை. அதன் வாசல் பக்கவாட்டுச் சந்துப்பக்கம் பார்த்து இருக்கும். 2009இல் கட்டினேன். மகள் பிரசவத்துக்கு வந்தால் தனியாக இருக்கட்டும் என்று லீலாபாய் ஆசைப்பட்டாள். அந்த வருடம் எங்கள் தெருவும் என் பொறுப்பில்தான் இருந்தது. என் வீட்டை நானே அளந்து, நானே பதிவேட்டில் எழுதினேன். "சொந்தக் குடியிருப்பு. பின்புறம் சாமான் அறை. ஆள் குடியில்லை." எழுதிய அன்று அதில் ஒரு பொய்யும் கிடையாது. உள்ளே ஏழு மூட்டை சிமெண்டும் ஒரு ஏணியும்தான் இருந்தன. இரண்டு மாதம் கழித்துத்தான் அடுப்பு மேடை கட்டினோம்.

பெமிலா பிரசவத்துக்கு வரவில்லை. அறை சும்மா கிடந்தது. 2012இல் ஒரு வங்கி ஊழியர் கேட்டார், கொடுத்தேன். பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அந்த மாதம் மார்ச், வேலை நெருக்கடி. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு திருத்துவதற்கு ஏற்ற மாதம் ஒன்று வரவே இல்லை.

வீட்டை வாடகைக்கு விடுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அதை வாடகைக்கென்று இருக்கிற அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. குடிவருகிறவரின் ஆதார் நகலையும் போட்டோவையும் போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் கொடுத்துவைப்பது நல்லது. வருகிற வாடகையை வருமானவரிக் கணக்கில் காட்ட வேண்டும். கட்டிய வீட்டுவரி போக மிச்சத்தில் நூற்றுக்கு முப்பது கழித்துக்கொள்ளலாம். வாடகை தருகிறவர் உள்ளே இருக்கும்வரை தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. முன்கூட்டியே ஒரு நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் சொல்லாமல் அவர் அறைக்குள் நுழையக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சபையில் எத்தனையோ பேருக்கு என் சாப்பாட்டு மேசையில் வைத்து நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என் வீட்டுக்கு மட்டும் செய்ய முடியவில்லை. ஒப்பந்தம் பதிய வேண்டும் என்றால் எந்தக் கட்டடம் என்று காட்ட வேண்டும். காட்டினால் அது சாமான் அறை. அதைக் குடியிருப்பு என்று மாற்றப் போனால் இதற்கு முன் அளந்தவர் யார் என்று பழைய பதிவேட்டைப் புரட்டுவார்கள். அடியில் என் கையெழுத்து இருக்கும், அதுவும் என் சொந்த வீட்டுக்கு. வரி வித்தியாசம் எவ்வளவு என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய நெய்மீன் வாங்குகிற காசு. அந்தக் காசை நான் என்றைக்கு வேண்டுமானாலும் கட்டியிருப்பேன். கையெழுத்தைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

எபிசனைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பயம் உங்களுக்கு விளங்காது. எபிசன் என்னோடு கமிட்டியில் இருந்தவர், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். மாடியை டியூஷன் சென்டருக்கு விட்டுவிட்டு, சொந்தக் குடியிருப்பு என்றே வரி கட்டிக்கொண்டிருந்தார். 2014இல் நான் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே செல்வதாசு, நமக்குள்ள என்னலே, பைய மாத்திக்கிடலாம்" என்றார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு கேட்டில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மறுநாள் ஆராதனைக்குப் போன மொத்தச் சபையும் அதைப் படித்துக்கொண்டேதான் போனது. எபிசன் அன்றைக்குக் கோயிலுக்கு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. மார்த்தாண்டத்தில் மகள் வீட்டோடு போய் இருந்து அங்கேயே செத்துப்போனார். எனக்கு அந்த வருடம் அலுவலகத்தில் பொன்னாடை போட்டார்கள். பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்த லீலாபாய் என் முகத்தைப் பார்க்காமல், "அப்போ நமக்க பின்னறை?" என்று கேட்டாள். வெளியே வண்டிச் சத்தம் கேட்டது போல நான் எழுந்து போய்விட்டேன்.

அன்றிலிருந்து என் வீட்டு கேட்டில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். தபால்காரர் வண்டியை நிறுத்தினால் அடுக்களைக்குள் போய்விடுவேன். சொந்த வீட்டிலேயே ஒளிந்து குடியிருக்கிறவன் போல இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாவிட்டாலும் அப்படித்தான் இருந்தேன்.

ஸ்மைலின் போன வருடம் ஜூனில் வந்தாள். கடியப்பட்டணத்துப் பெண், இருபத்தொன்பது வயது. தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவன் பெனின் மஸ்கட்டில் எண்ணெய் கம்பெனியில் இருக்கிறான். ராத்திரி டியூட்டி முடிந்து கடற்கரை வரைக்கும் பஸ்ஸில் போய் வர முடியவில்லை என்று என் அறையைக் கேட்டாள். நல்ல பிள்ளை. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஊருக்குப் போய் வந்தால் மீன் கொண்டுவந்து குழம்பு வைத்து, மூடிபோட்ட பாத்திரத்தில் எனக்கும் தருவாள். மகள் ஃபோனில் விசாரிப்பதைவிட அவள் என்னை அதிகமாக விசாரிப்பாள். வாடகைக்காரர்களில் அவளைப் போல ஒருத்தி எனக்குக் கிடைத்ததில்லை. இதை அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்பது இப்போது வருத்தமாக இருக்கிறது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. வாயில் வைத்து அழுத்துகிற இன்ஹேலர் எப்போதும் கைப்பையில் இருக்கும்; பம்பு என்பாள். குடிவந்த அன்றே சொன்னாள். தூசு ஆகாது என்றும் சொன்னாள். ஜன்னலுக்கு நானே புதிய கொக்கி போட்டுக் கொடுத்தேன்.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து அவள் வாடகை ஒப்பந்தம் கேட்க ஆரம்பித்தாள். பெனினோடு போய் இருப்பதற்கான காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள்; பாஸ்போர்ட்டில் முகவரி மாற்ற வேண்டுமாம். "மாமா, ஒரு சீட்டு ரெஜிஸ்டர் பண்ணித் தந்தா எனக்க சோலி தீரும். நான் வேணும்னா ஆபீசுல வந்து நிக்கேன்" என்பாள். பண்ணுவோம் மக்கா என்பேன். ஒருமுறைகூட நச்சரித்தது கிடையாது. ஒவ்வொரு மாதமும் ஒருமுறை, அவ்வளவுதான். அவள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ் ஒட்டிய அந்தக் கேட் என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். போகச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். போகிறவள் போகிற இடத்தில் பழைய முகவரியைச் சொல்லத்தானே செய்வாள்? வைத்திருந்தாலும் ஆபத்து, அனுப்பினாலும் ஆபத்து.

இந்த நிலைமையில்தான் வீடுகளை மறுபடி அளக்கிற உத்தரவு வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் முருகதாஸ் ஃபோன் செய்தான். இப்போது எங்கள் பகுதிக்கு அவன்தான் வரி வசூலர். என்னிடம் வேலை பழகியவன். "சார், நாளைக்குப் பதினோரு மணிக்கு நம்ம வீட்டுக்கு வாறோம். சும்மா ஒரு பேருக்குத்தான்" என்றான். வாருங்கள் என்றேன்.

ஸ்மைலினிடம் சொல்லி ஒரு மணி நேரம் வெளியே போகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதையும் யோசித்தேன். ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் அவளையும் என் பொய்யில் கூட்டுச் சேர்த்ததாகும். பொய் சொல்வது பாவம். இன்னொருத்தியைப் பொய் சொல்லவைப்பது அதைவிடப் பெரிய பாவம். அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து படுத்தால் இரண்டு மணி வரை எழுந்திருக்க மாட்டாள். அவள் தூங்குகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், அவளுக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு வந்தாள். என் வாசலில் நின்று, "மாமா, பம்பு தீந்துபோச்சு. மருந்துக்கடையில சொல்லியிருக்கேன், ஆள் கொண்டு வந்தா வாங்கி வையுங்க. நான் கொஞ்சம் படுக்கட்டு" என்றாள். முகம் களைத்துப் போயிருந்தது. சரி மக்கா, போய்ப் படு என்றேன்.

பத்து மணிக்குப் பின்பக்கம் போனேன். உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கொடியில் கிடந்த அவளது துணிகளை எடுத்து, ஒன்றுவிடாமல் மடித்து என் அலமாரியில் வைத்தேன். வாசலில் கிடந்த செருப்பையும் எடுத்தேன். ஜன்னல் கதவுகளை வெளியிலிருந்து சாத்தி, பழைய தகரத்தைச் சாய்த்து வைத்தேன். கதவின் வெளிக்கொண்டியில் பூட்டு போட்டேன். பார்க்கிறவர்களுக்குச் சாமான் அறை என்று தோன்ற வேண்டுமே என்று தேங்காய்நார்த் தும்பு மூட்டைகள் நாலைந்தை இழுத்துக் கதவடியில் போட்டேன். ஒரு மூட்டை வாய் பிரிந்து தும்புத்தூசு பறந்தது. எனக்கே இரண்டு தும்மல் வந்தது. நான் ஸ்மைலினைப் பூட்டவில்லை, ஐயா. சாமான் அறையைத்தான் பூட்டினேன். அந்த நேரத்தில் அது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பதினோரு மணிக்கு முருகதாசும், கூட நந்தனா என்கிற பெண்ணும் வந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். கையில் விவரம் ஏற்றுகிற தொடுதிரை டேப். முருகதாஸ் சாயாவைக் குடித்துவிட்டு, "சாருக்க வீட்டுல அளக்கதுக்கு என்ன இருக்கு? நமக்கு அளக்கச் சொல்லித் தந்ததே சாராக்கும். பழசையே போட்டுக்கோ" என்றான். அந்தப் பெண் விடவில்லை. "இல்ல சார், டேப்புல நாலு பக்கமும் போட்டோ கேக்கு. போட்டோ இல்லாம அடுத்த பக்கம் போகாது" என்றாள். நல்ல வேலைக்காரி. என் காலத்தில் அவளைப் போல ஒருத்தி என்னிடம் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பதினொன்று இருபதுக்கு மருந்துக்கடை ஆள் பைக்கில் வந்தான். காகிதப் பொட்டலம், வாயில் பில்லோடு சேர்த்து ஸ்டேப்லர் பின் அடித்திருந்தது. மேலே பேனாவால், "ஸ்மைலின், செல்வதாஸ் சார் வீட்டுப் பின்பக்கம்" என்று எழுதியிருந்தது. நந்தனா மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். எழுத்து தெரியாதபடி மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் சர்க்கரை மாத்திரை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்ட பொட்டலம் அதுதான்.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு என் ஃபோன் அடித்தது. ஸ்மைலின் பெயர். அடிக்கவிட்டு நிறுத்தினேன். மறுபடி அடித்தது. சத்தத்தை அடக்கி, கவிழ்த்து வைத்தேன். மூன்றாவது தடவை மேசை அதிர்ந்தது. பிறகு ஒரு செய்தி வந்தது. அதை அப்போது படிக்கவில்லை. "மாமா கதவு வெளிய பூட்டிக் கிடக்கு. மருந்து வந்துட்டா" என்று இருந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பெனினையும் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறாள். வேலை இடத்தில் அவன் ஃபோனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்களாம். வேறு யாரையும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். இருபதடி தூரத்தில் நான் இருக்கும்போது அவள் வேறு யாரைக் கூப்பிடுவாள்?

அதற்குப் பிறகு தட்டுகிற சத்தம் வந்தது. கையால் தட்டுகிற சத்தம் இல்லை, எவர்சில்வர் டம்ளரால் கதவில் தட்டுகிறது. மூன்று தட்டு, சற்று நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. வீசிங் வந்தால் கத்த வராது. நந்தனா தலையைத் தூக்கி, "என்ன சத்தம் சார்?" என்று கேட்டாள். மச்சில் மரநாய் குடியிருக்கிறது என்றேன். "பகல்லயா?" என்றாள். முருகதாஸ் சிரித்து, "சாருக்க வீட்டு மரநாயும் டியூட்டி பாக்கும்" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. வீட்டுக்கு வந்தவர்களை ஜெபம் பண்ணாமல் அனுப்புவதில்லை. வந்தவர் எந்த மதமாக இருந்தாலும் எழுந்து தலை குனிந்து நிற்பார். அது மரியாதை. முருகதாஸ் என்னோடு எத்தனையோ வீடுகளில் அப்படி நின்றிருக்கிறான். "போறதுக்கு முந்தி ஒரு ஜெபம் பண்ணிடுவோம்" என்று எழுந்தேன். அவர்களும் எழுந்தார்கள். நந்தனா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

வழக்கமாக என் ஜெபம் இரண்டு நிமிடம்தான். சபையில் கேலி செய்வார்கள். அன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தேன், பதினொரு நிமிடம். குரலை உயர்த்தித்தான் ஜெபித்தேன். முருகதாசின் அப்பாவுக்குக் கால் குணமாக வேண்டும் என்று ஜெபித்தேன். நந்தனாவுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று ஜெபித்தேன். மழைக்காக, கடலில் இருப்பவர்களுக்காக, வெளிநாட்டில் உழைக்கிற பிள்ளைகளுக்காக, சிறையில் இருப்பவர்களுக்காக, நோயாளிகளுக்காக. நோயாளிகள் என்று சொல்லும்போது ஸ்மைலினையும் மனதில் வைத்துத்தான் சொன்னேன். பொட்டலம் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. நடுவில் தட்டுகிற சத்தம் மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. ஆமென் சொன்னபோது வீடு அமைதியாக இருந்தது. என் ஆயுளில் ஒரு ஜெபத்துக்குப் பிறகு எனக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை. அந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை.

பிறகு வெளியே போய் அளந்தார்கள். பின்பக்கம் வந்ததும் நந்தனா தும்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று டேப்பைத் தூக்கிப் போட்டோ எடுத்தாள். கதவுக்கும் அவளுக்கும் ஒரு கை தூரம்தான். திறந்து பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். சாவி கொத்தனாரிடம் இருக்கிறது என்றேன். "சார் சொன்னா போதாதா?" என்று முருகதாஸ் அவளை அழைத்துப் போனான். வாசல் திண்டில் வைத்துப் படிவத்தை நீட்டினான். கையெழுத்துப் போடும் முன் அவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, நான் கற்றுக்கொடுத்ததுதான். "பின்னால ஆரும் இல்லியே சார்?" என்றான். இல்லை என்றேன். "சொந்தக் குடியிருப்பு. பின்புறம் சாமான் அறை. ஆள் குடியில்லை." பழைய வாசகம் அப்படியே இருந்தது. பன்னிரண்டு ஐந்துக்குக் கையெழுத்திட்டேன்.

அவர்கள் போனதும் திறந்திருக்கலாமே என்பீர்கள். அவர்கள் போனது பக்கத்து வீட்டுக்கு, கிருஷ்ணமணி வீட்டுக்கு. அவர் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் என் சந்து முழுவதும் தெரியும். ஒரு மணி வரை அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை நான் வாசல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு மணிக்குப் பின்பக்கம் போய்க் கதவில் காதை வைத்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. திரும்பவும் தூங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க வேலை பார்த்த பிள்ளையை எழுப்புவானேன் என்று தோன்றியது. வாடகைக்கு இருப்பவர் அறைக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் நுழையக்கூடாது என்ற விதியும் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள் ஐயா, அது உண்மையாகவே ஞாபகம் வந்தது. பூட்டை மட்டும் எடுத்துவிட்டு, மூட்டைகளை நகர்த்தி, செருப்பைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து சாப்பிட்டேன். முந்தின நாள் அவள் தந்த சாளை மீன் குழம்பு இருந்தது. புளி தூக்கலாக, நன்றாக இருந்தது.

இரண்டரைக்குக் கதவைத் தட்டினேன். பிறகு தள்ளினேன். கதவுக்குப் பக்கத்திலேயே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் இருந்தாள். டம்ளர் மடியில் கிடந்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. பெமிலாவுக்கு அம்மை வந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அழுது முடித்து, சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுக்குரியது அவளிடம் சேரட்டும் என்றுதான் வைத்தேன். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, கிருஷ்ணமணியைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்து, பழைய ஆஸ்துமா, திடீரென்று முற்றிவிட்டது என்றார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடியப்பட்டணத்தில் அடக்கத்துக்குப் போனேன். பெனின் என் தோளில் சாய்ந்து அழுதான். முன்பணத்தைத் திருப்பித் தர அவகாசம் உண்டு, இருந்தாலும் நான் மூன்றாம் நாளே முழுவதையும் அவன் கையில் கொடுத்தேன். அறையைக் காலி செய்ய வந்தவன் அந்தப் பொட்டலத்தை எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, இது பிரிக்கவே இல்லியே" என்றான். மூச்சு முட்டுகிறவள் கைக்கெட்டும் மருந்தைப் பின் கழற்றாமல் வைத்திருப்பாளா என்று அவன் கேட்கவில்லை. உங்களிடம் வந்துதான் கேட்டிருக்கிறான். அதை நான் பிரித்து வைத்திருந்தால் இந்தத் தாளை நீங்கள் எனக்குத் தந்திருக்க மாட்டீர்கள். ஆனால் குடியிருப்பவர் பெயருக்கு வந்ததை வீட்டுக்காரர் பிரிப்பது முறை இல்லை. முப்பத்தொரு வருடத்துப் பழக்கம், கை அதற்குப் போகவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: பொட்டலம் என் கைக்குப் பதினொன்று இருபதுக்கு வந்தது. அவள் கைக்குப் பக்கத்தில் நான் வைத்தது இரண்டரை மணிக்கு. நடுவில் மூன்று மணி பத்து நிமிடம் அது என் சட்டைப்பையில் இருந்தது. கதவைப் பூட்டியவன் நான். அவள் தட்டியது எனக்குக் கேட்டது. தெரிந்துதான் திறக்காமல் இருந்தேன். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முருகதாசுக்காகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொய் விவரத்தைப் பதிந்தான் என்று அவன்மேல் நடவடிக்கை எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயம் இல்லை. அவர்கள் படிவத்தை ஏற்றி முடித்ததும் என் ஃபோனுக்கு வந்த செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன், நீங்களே நேரத்தைப் பாருங்கள்: ஒன்று நாற்பது. பன்னிரண்டரைக்கு முன்பே உயிர் போய்விட்டது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியானால் பதிவான நேரத்தில் அந்தப் படிவத்தில் ஒரு பொய்கூட இல்லை.